ஆடியில் பழம், ஐப்பசியில் கன்று: வளவுக்கு வேம்பு உண்டாக்குதல்

கிணறு இறைத்து, பற்றை வெட்டி, தகரக் கொட்டில் போட்டு முடிந்ததும் உங்களில் பலர் சொல்லும் முதற்குறை நிழலில்லை என்பதே. பங்குனி, சித்திரையில் தகரத்தின் கீழ் பகலில் பிள்ளைகளை வைத்திருக்க முடிவதில்லை. வன்னியில் மீளக் குடியேறியவர்கள், ஷெல் பட்டு முறிந்தவையும் பங்கருக்கும் விறகுக்குமாகத் தறிக்கப்பட்டவையுமான மரங்களின் அடிக்கட்டைகளையே கண்டார்கள். 1990இல் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறி இருபத்தைந்து ஆண்டுகளின் பின் திரும்பியவர்கள் கண்டது வேறு. கூரையில்லாத வீட்டின் அறைக்குள்ளும் அடுப்படிக்குள்ளும் காகம் போட்ட விதையில் முளைத்த வேம்புகள் சுவரை மீறி வளர்ந்து நின்றன.

இரு சாராருக்கும் இந்தப் பாடம் பயன்படும். மரம் இல்லாதவர் வேம்பை உண்டாக்கவேண்டும். வீட்டுக்குள் வேம்பு நிற்பவர் அதைத் தறிக்க முன்னர் அதிலிருந்து விதை எடுக்கவேண்டும்.

ஏன் வேம்பு என்று கேட்கலாம். பாலை, முதிரை, கருங்காலி ஆகியவை உயர்ந்த மரங்கள்தான். ஆனால் அவை காட்டு மரங்கள், மெதுவாக வளர்பவை. அவற்றின் விதைக்காகக் காட்டுக்குள் போகவேண்டிவரும், அதை இப்போதைக்கு நாம் எவருக்கும் சொல்லமாட்டோம். வேம்பு வீதியோரத்திலும் கோவில் வீதியிலும் பள்ளிக்கூட வளவிலும் நிற்கிறது. முதல் ஐந்து வருடம் விரைவாக வளரும். மூன்றாம் வருடத்திலேயே ஆள் ஒதுங்க நிழல் தரும். ஐந்தாறு வருடத்தில் கொட்டிலுக்குக் கப்பும் வளையும் எடுக்கலாம். கதவு நிலைக்கும் யன்னலுக்கும் பலகை அரிய இருபது வருடத்துக்கு மேல் விடவேண்டும். மரத்தின் நடுவே சிவந்து இருக்கும் வைரப்பகுதியில் கறையான் இலகுவில் ஏறாது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் வேப்பமரக் கதவுகள் இன்றும் நிற்பது அதனாற்தான். வெளிப்புறத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பலம் இல்லை. இளமரத்தில் வெள்ளையே கூடுதலாக இருப்பதால், அவசரத்துக்கு அரிந்த வேம்பு ஏமாற்றும்.

விதை காத்திருக்காது

கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கதியால் வெட்டி நட்டுப் பழகியவர்கள் நாம். மழைக்கு ஊன்றினால் அது தானே தளிர்க்கும். வேம்பு அப்படி வருவதில்லை; விதையிலிருந்துதான் கன்று எடுக்கவேண்டும். பயறு, மிளகாய், கத்தரி விதைகளைப் போத்தலில் போட்டு அடுத்த போகம் வரை வைப்பதுபோல வேப்பம் விதையை வைக்கவும் முடியாது. சாதாரணமாக வீட்டில் வைக்கும் விதை இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். பார்வைக்கு வெள்ளையாக, நல்ல விதைபோலவே இருக்கும், ஆனால் உள்ளே செத்திருக்கும்.

இந்தப் பிழையை நாமே செய்தோம். ஒரு கிராமத்துக்குக் கொடுப்பதற்காக ஆடியில் சேர்த்த விதையைப் பொலித்தீன் பைகளில் கட்டி, மழை தொடங்கும்போது கொடுக்கலாமென்று வைத்திருந்தோம். ஐப்பசியில் அவிழ்த்தபோது பாதி பூஞ்சணம் பிடித்திருந்தது. மீதியை ஊன்றிய குடும்பங்கள் ஒரு மாதம் தண்ணீர் ஊற்றிவிட்டு, மண் சரியில்லை என்று தங்களையே நொந்துகொண்டன. மண்ணில் ஒரு குறையுமில்லை, நாங்கள் கொடுத்த விதைதான் செத்தது.

காலக்கணக்கு நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. வேம்பு சித்திரையை அண்டிப் பூக்கும். ஆனி நடுவில் பழுக்கத் தொடங்கி ஆவணித் தொடக்கம் வரை பழம் விழும். ஆடியில் பையில் ஊன்றிய விதை ஐப்பசி மழைக்கு மூன்று மாதக் கன்றாக, முக்கால் அடி முதல் ஒரு அடி உயரத்தில், நடுவதற்குப் பருவமாக நிற்கும். வடகீழ்ப் பருவமழை முடியுமுன் வேர் ஆழத்துக்குப் போய்விடும். ஆடியைத் தவறவிட்டால் அடுத்த ஆடிதான். ஆகவே இந்தப் புத்தகத்தை நீங்கள் வைகாசியிலோ ஆனியிலோ வாசிப்பவராயின் பைகளை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்.

பழம் பொறுக்குமுன்

மிதிவெடி, வெடிக்காத ஷெல் பற்றி இப்புத்தகத்தின் வேறு பக்கங்களிலும் சொல்லப்பட்டிருக்கும். இங்கே மறுபடியும் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழம் பொறுக்குவது பிள்ளைகளின் வேலை. நல்ல மரத்தைத் தேடி அவர்கள் பக்கத்து வளவுக்கும் பற்றைக்குள்ளும் போவார்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலத்தில், தினமும் ஆட்கள் நடமாடும் இடத்தில் நிற்கும் மரத்தடியில் மாத்திரம் பொறுக்கச் சொல்லுங்கள். மண்டையோட்டுப் பலகை உள்ள பக்கம் எவ்வளவு நல்ல மரம் நின்றாலும் வேண்டாம். சந்தேகமான பொருளொன்றைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

பை நிரப்பும் மண்ணுக்கும் இது பொருந்தும். பழைய மண் அணையிலும் பங்கர் குழியிலும் மண் இளகிக் கிடப்பதால் அள்ளுவது சுகமாகத் தோன்றும். அங்கே மண் எடுக்கவேண்டாம். கண்டெடுத்த உலோகக் கோதுகளையும் பெட்டிகளையும் கன்று வைக்கும் பாத்திரமாக்கவும் வேண்டாம்.

சொந்தக்காரர் இன்னும் திரும்பிவராத வளவில் மரம் நின்றால், அயலவர் இருவருக்குத் தெரிவித்துவிட்டுப் பொறுக்குங்கள். பழம்தானே என்று நினைப்போம். காணிப் பிரச்சினைகள் தீராத இந்தக் காலத்தில் ஒரு சொல் சொல்லிவைப்பது நல்லது.

எந்த மரத்துப் பழம்

பலகைக்காக வளர்க்கிறீர்களாயின் தாய்மரம் நேராக இருக்கவேண்டும். நிலத்திலிருந்து ஏழெட்டு அடிவரை கவர்விடாமல் போன, புழுத் துளைப்போ பொந்தோ இல்லாத மரமாகப் பாருங்கள். ஒரே மரத்தில் முழுவதையும் எடுக்காமல் மூன்று நான்கு மரங்களிற் கலந்து எடுங்கள். வேம்பு மூன்று முதல் ஐந்து வயதில் காய்க்கத் தொடங்கினாலும் பத்து வயதுக்குப் பிறகே நிறைவாகக் காய்க்கும். நன்றாக விளைந்த மரம் ஒரு வருடத்தில் 50 கிலோ வரையும் பழம் தரும். எனவே ஊருக்கு நான்கு நல்ல மரம் மிஞ்சியிருந்தாலே போதும்.

ஷெல்துண்டு பட்ட மரத்தில் விதை எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். மரத்தில் பட்ட காயம் விதைக்குப் போகாது. அத்தகைய மரத்தைப் பலகைக்குத் தறிப்பதுதான் சிக்கல். உள்ளே இரும்பு இருந்தால் அரிவாளின் பல் முறியும், மரக்காலையில் ஏற்கமறுப்பார்கள். அந்த மரங்கள் பழத்துக்கும் நிழலுக்குமாக நிற்கட்டும்.

வீட்டுக்குள் முளைத்து நிற்கும் வேம்புக்கு வருவோம். வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்துவிட்டால் மேசனார் அத்திவாரம் வெட்ட அவசரப்படுத்துவார், மரம் போகத்தான் வேண்டும். ஆனியும் ஆடியும் அண்மையில் இருந்து, வேலை தொடங்க ஒரு மாதம் இடைவெளியும் இருந்தால், பழம் விழும் வரை பொறுத்துத் தறியுங்கள். இருபது வருடம் எவரும் தண்ணீர் ஊற்றாமல் அந்த மண்ணிலேயே நின்றுபிடித்த மரம் அது. அதைவிட உங்கள் வளவுக்குத் தோதான தாய்மரம் வேறெங்கும் கிடைக்காது. தறிக்க முன்னரும் மரத்தை ஏற்றிப்பறிக்க முன்னரும் அனுமதி தேவையா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழத்திலிருந்து விதை

பழம் மஞ்சளாகி, விரலால் நசித்தால் விதை வழுக்கி வெளியே வரும் பருவம்தான் சரி. பச்சைக்காயில் முளைப்பு குறைவு. கறுத்துச் சுருங்கி நாட்கணக்காக நிலத்தில் கிடந்ததும் ஆகாது. பின்னேரம் மரத்தடியைக் கூட்டிவிட்டுப் பழைய சாக்கையோ சீலையையோ விரித்துவிடுங்கள். விடிய விழுந்து கிடப்பது புதுப்பழம். காகமும் வௌவாலும் தசையைத் தின்றுவிட்டுப் போட்ட வெள்ளை விதையும் அதில் இருக்கும். அதுவும் நல்லது, உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

எவ்வளவு வேண்டும்? இருபது மரம் வைக்க விரும்பும் குடும்பம் நாற்பது பை போடவேண்டும். பைக்கு இரண்டு விதையாக எண்பது விதை. ஒரு சுண்டு நிறையப் பழம் அதற்குக் காணும். சாக்குக்கணக்கில் பொறுக்கித் திணறவேண்டாம். மேலதிகமாகக் கிடைப்பதைக் காயவைத்து இடித்து ஊறவைத்தால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் பூச்சி விரட்டத் தெளிக்கலாம். அதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

பொறுக்கிய பழத்தை அன்றே கழுவுங்கள். குவித்து வைத்தால் புளித்துச் சூடேறி விதை அவிந்துபோகும். வாளியில் தண்ணீர்விட்டு, ஒரு கை பருமணலும் போட்டுத் தேயுங்கள். தோலும் தசையும் மிதக்கும், ஊற்றிவிடுங்கள். விதையில் பசைத்தன்மை போகும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றவேண்டும். கடைசித் தண்ணீரிலும் மிதக்கும் விதைகள் பெரும்பாலும் சப்பி, எறிந்துவிடலாம்.

கழுவிய விதையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒருநாள் பரப்பி, அடுத்த நாளே ஊன்றுவது எல்லாவற்றிலும் சிறந்தது. வெயிலில் காயவிடவேண்டாம், தகரத்தின்மேல் போடவே வேண்டாம். சில நாள் வைத்திருக்கவேண்டி வந்தால் மூன்று நான்கு நாள் நிழலில் உலர்த்தி, துணிப்பையில் அல்லது சணல் பையில் போட்டு வளையில் தொங்கவிடுங்கள். காற்றுப்புகாத பொலித்தீனில் கட்டவேண்டாம். அப்படி வைத்தாலும் இரண்டு வாரத்துக்குள் ஊன்றிவிடவேண்டும்.

யாராவது விதை கொண்டுவந்து தந்தால், அது நிவாரணப் பொதியோடு வந்ததாக இருந்தாலும், ஊன்றுமுன் பத்து விதையை உடைத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் பருப்பு பச்சைநிறமாகக் குண்டாக இருந்தால் உயிர் உண்டு. மண்ணிறமாக அல்லது சுருங்கி இருந்தால் இல்லை. பத்தில் ஏழெட்டுப் பச்சையாக இருந்தால் பைக்கு இரண்டு விதை போதும். பாதிதான் பச்சை என்றால் நான்கு ஊன்றுங்கள். அதற்கும் குறைவென்றால் பேசாமல் புதுப்பழம் தேடுவதே புத்தி.

பையும் மண்ணும்

வேம்பு முதலில் ஆணிவேரைக் கீழ்நோக்கி விடும். பை அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம். நான்கு அங்குல அகலமும் ஏழெட்டு அங்குல ஆழமும் போதும். நாற்றுமேடைப் பை வாங்கக் காசு செலவழிக்கவேண்டியதில்லை. பால்மாப் பைக்கற்று, தடித்த சொப்பிங் பை, கழுத்து வெட்டிய பெரிய தண்ணீர்ப் போத்தல் எல்லாம் உதவும். அடியிலும் பக்கத்திலும் ஆணியால் ஏழெட்டுத் துளை போடுங்கள். சிரட்டை வேண்டாம், ஆழம் காணாது, வேர் சுருண்டுவிடும்.

இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு உக்கிய மாட்டெரு கலந்து நிரப்புங்கள். களிமண் நிலமாயின் மணலைக் கூட்டிக்கொள்ளுங்கள். பச்சைச் சாணம் போடவேண்டாம், முளை கருகும். பையைக் குலுக்கி இறுக்கி, வாயிலிருந்து அரை அங்குலம் இடம் விட்டு நிரப்பி, முதல்நாளே தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

விதையைக் கிடையாகப் படுக்கவைத்து அரை அங்குல ஆழத்தில் ஊன்றி மூடுங்கள். ஆழமாகப் போனால் முளை மேலே வர முன்னரே அழுகும். மேலே மெல்லியதாக வைக்கோல் தூவலாம். துளையிட்ட பேணியால் காலையில் பூவாளிபோலத் தண்ணீர் தெளியுங்கள். வாளியோடு ஊற்றினால் விதை மிதந்து வெளியே வந்துவிடும்.

புதிய விதை எட்டாம் நாளளவில் முளைக்கத் தொடங்கும். தடித்த பச்சை வித்திலைகள் முதலில் வரும். அடுத்து வரும் இலைகள் பெரிய மரத்து ஈர்க்குபோல நீளமாக இரா; இது வேம்புதானா என்று ஐமிச்சப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள். மூன்று வாரம் கடந்தும் எதுவும் வராத பையைக் கிண்டிப் பாருங்கள். விதை அழுகியிருந்தால் இனிக் காத்திருந்து பயனில்லை. ஆவணித் தொடக்கத்தில் கடைசிப் பழங்கள் இருக்கும், அவற்றை ஊன்றலாம். ஆடி முற்பகுதியிலேயே தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரே பையில் இரண்டும் முளைத்தால், இரண்டு சோடி இலை வந்ததும் மெலிந்ததை ஈர்க்குக்குச்சியால் வேரோடு கிளப்பி, முளைக்காத பைக்கு மாற்றுங்கள். பின்னேரத்தில் மாற்றி, மூன்று நாள் நல்ல நிழலில் வைத்தால் பிழைக்கும்.

மூன்று மாதம் காப்பாற்றுதல்

ஆடி, ஆவணியில் சோளகக் காற்று மண்ணை உலர்த்திவிடும். பைகளைச் சுவரின் அல்லது வேலியின் மறைவில் ஒன்றோடொன்று ஒட்ட அடுக்கி, மேலே மூன்றடி உயரத்தில் ஐதாகக் கிடுகு போடுங்கள். வெயில் பொட்டுப் பொட்டாக உள்ளே விழவேண்டும். முழு இருட்டு நிழலில் கன்று கொடிபோல நீண்டு மெலியும்.

எமது பார்வையில், வெயிலால் செத்த நாற்றைவிட அன்பு மிகுந்து ஊற்றிய தண்ணீரால் செத்த நாற்றே கூட. மண் ஈரமாக இருக்கும்போது மேலும் ஊற்றினால் தண்டின் அடி கறுத்து, கன்று நிலத்தோடு சாயும். ஒரு பையில் அப்படிக் கண்டால் அதை எடுத்து அப்புறப்படுத்தி, ஒருநாள் தண்ணீரை நிறுத்தி, கிடுகைக் கொஞ்சம் விலக்கிவிடுங்கள். குடாநாட்டில் உங்கள் கிணறு உவர் என்றால் கன்றுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் தேடுங்கள். நாற்பது பைக்கு ஒரு வாளி போதும். அரிசி கழுவிய தண்ணீரும் ஆகும், சவர்க்காரத் தண்ணீர் ஆகாது.

கோழி கிளறும், ஆடு கடிக்கும். கசப்பு என்பதால் ஆடு தொடாது என்று நம்பவேண்டாம். வேப்பிலை ஆட்டுக்கு விருப்பமான குழை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பைகளை இடம் மாற்றி அடுக்குங்கள். மாற்றாவிட்டால் வேர் பையைத் துளைத்து நிலத்தில் இறங்கி, நடப்போகும் நாளில் அறுந்துவிடும். புரட்டாசி பிறந்ததும் கிடுகைச் சிறிது சிறிதாகக் கழற்றி, தண்ணீரையும் ஒன்றுவிட்ட நாளாக்குங்கள். முழு வெயிலில் இரண்டு வாரம் நின்ற கன்றுதான் வளவில் நின்றுபிடிக்கும்.

நடுதல்

முதல் மழைக்கே ஓடிப்போய் நடவேண்டாம். மண்வெட்டியால் கொத்திப் பார்க்கும்போது ஓரடி ஆழம் வரை நனைந்திருக்கவேண்டும். ஐப்பசி நடுவிலிருந்து கார்த்திகைக்குள் நட்டு முடியுங்கள். ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டி, மேல்மண்ணோடு ஒரு கடகம் எருவைக் கலந்து நிரப்புங்கள். வெட்டும்போது அலவாங்கில் இரும்புச் சத்தம் கேட்டால் அந்த இடத்தில் நிறுத்தி, தள்ளிப்போய் அறிவியுங்கள். பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல், பையில் மண் நின்ற மட்டத்துக்கே வைத்து மிதித்து இறுக்குங்கள்.

வீட்டுச் சுவர், கிணறு, மலசலகூடக் குழி ஆகியவற்றிலிருந்து இருபது அடியாவது தள்ளி நடுங்கள். மேற்குப்பக்கம் நட்டால் பின்னேர வெயிலை மறைக்கும். மாரியில் தண்ணீர் தேங்கும் மூலையில் வேம்பு அழுகும். அந்த மூலைக்கு மருது பொருத்தம். எல்லை வேலியிலேயே நடவேண்டாம், ஐந்தடி உள்ளே தள்ளுங்கள். இன்று கன்றாக இருப்பது நாளை பலகை மரமாகும்போது யாருடையது என்ற வழக்கு வரும். அளவையாளர் இன்னும் வராத காணியாயின் பத்தடி தள்ளினாலும் தப்பில்லை.

கட்டாக்காலி மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் எதிராகக் கன்றைச் சுற்றிக் கருக்குமட்டை நடுங்கள், அல்லது விடத்தல் முள் அடையுங்கள். இதைச் செய்ய நேரமில்லையென்றால் இருபது கன்று நடாமல், காவல் போடக்கூடிய ஐந்தை மட்டும் நட்டு, மீதியை அயலவருக்குக் கொடுங்கள்.

மாசி தொடக்கம் சித்திரை வரை முதல் வருடம் மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை கன்றுக்கு ஒரு வாளி தண்ணீர் வேண்டும். அடியில் காய்ந்த சருகு பரப்பி வையுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து தண்டின் கீழ்ப்பாதியில் வரும் பக்கக் கிளைகளை இளசாக இருக்கும்போதே கத்தியால் சீவிவிட்டால் மரம் நேராக ஏறும். சீவிய குழை ஆட்டுக்கு.

ஆடி கடந்து ஊர் திரும்பியவர்களுக்கு

ஆவணி, புரட்டாசியில் இடையில் பெய்யும் மழைக்குப் பழைய மரங்களின் அடியில் வேப்பங்கன்றுகள் தாமாக முளைத்து நிற்கும். பாதுகாப்பான இடத்தில் அப்படிக் கண்டால், நான்கைந்து இலைக்கு மேற்படாத சிறியவற்றை, நிலம் நனைந்திருக்கும் பின்னேரத்தில் சிறுகத்தியால் ஆழமாகக் கிண்டி மண்ணோடு எடுத்துப் பையில் வையுங்கள். பெரியவற்றின் ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும், எடுத்தால் அறும். பையில் வைத்தவற்றை ஒரு வாரம் நிழலில் வைத்து, மூன்று வாரத்தில் வேர் பிடித்ததும், கார்த்திகை முடியுமுன் வளவில் நட்டுவிடலாம். அதற்கும் நாள் போதாதென்றால் பையிலேயே வைத்து, ஒரு கோடை தண்ணீர் ஊற்றி, அடுத்த ஐப்பசியில் பெரிய பையிலிருந்து நடுங்கள்.